பேராசிரியர் லக்கசாஞ்

புகழ்பெற்ற மருத்துவர்களின் சரித்திரங்களை நாம் படிக்குங்கால், நோயுற்றாரைப் பிழைப்பித்தவர்களையும், கொள்ளைநோய்க்குக் காரணங் கண்டவர்களையும், புதிய மருந்துகளை உலகிற்கு வழங்கியவர்களையுமே பெரிதும் காண்கிறோம். அஃது இயல்பே. ஆயினும், இறந்தோர்க்கே தொண்டு செய்து, அத்தொண்டின் வாயிலாக உயிரோடிருப்போர்க்குப் பெரியதோர் உபகாரம் புரிந்த மருத்துவர் சிலரும் உளர். அவருள் முதன்மையாக வைத்து எண்ணத் தக்கவர், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் வாழ்ந்த பேராசிரியர் அலெக்சாந்தர் லக்கசாஞ் என்பவர். அழுகியும் சிதைந்தும் உருத்தெரியாது போன உடலங்களை ஆராய்ந்து, அவை இன்னாருடையவை என்று துணியும் கலைக்கு உறுதியான அடிப்படை அமைத்தோருள் இவர் ஒருவர். இவருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

பெயர் தெரியாத ஒரு பிரேதத்தைக் குறித்து இத்துணைக் கவலை எதற்கு எனச் சிலர் வினவக் கூடும். வேதாகமத்தில் ரிஸ்பாள் என்னும் தாயின் வரலாற்றை நாம் அறிவோம். கொலையுண்ட தன் புதல்வரின் உடல்களைப் பறவையும் விலங்கும் தீண்டாதபடி, அறுப்பின் தொடக்கம் முதல் மழைக்காலம் வரை இரவும் பகலும் அவள் காத்திருந்தாள். அச்செய்தியைக் கேட்ட தாவீது அரசன் மனம் இளகி, அவ்வுடல்களோடு சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளையும் சேகரித்து உரிய இடத்தில் அடக்கம் செய்வித்தான். இறந்தோரின் எலும்புக்கும் ஓர் உரிமை உண்டென்பதை அத்தாய் அரசனுக்கே கற்பித்தாள் என்னலாம். மேலும், ஒருவன் மாண்டானா இல்லையா என்பது தெரியாதவிடத்து அவன் மனைவி கைம்பெண்ணோ அல்லளோ என்பது தெரியாது. மக்கள் காத்துக்கொண்டே இருப்பர். கொலை செய்தவன் கவலையின்றித் திரிவான். குற்றமற்றவன் ஒருவன் ஐயத்திற்கு ஆளாகித் துன்புறவுங் கூடும். ஆதலின், சிதைந்த ஓர் உடலுக்கு அதன் பெயரை மீட்டுக் கொடுத்தல் கல்வியின் பயன்களுள் சிறியதொன்று அன்று.

பிறப்பும் கல்வியும்

லக்கசாஞ் 1843-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி, பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்குப் பகுதியிலுள்ள காஹோர் என்னும் ஊரிற் பிறந்தார். பெருஞ்செல்வம் படைத்த குடும்பம் அன்று. இளமையில் மருத்துவக் கல்வியை நாடிய அவர், ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து இராணுவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்குப் பயின்றோர் பட்டம் பெற்றபின் படையில் ஊழியம் புரிதல் வேண்டும். 1870-ம் ஆண்டில் மூண்ட பிரான்ஸ்-ஜெர்மானியப் போரின் பயனாக அந்நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. அக்கல்லூரியும் அங்கே நிலைபெறாது போயிற்று.

பின்னர் அவர் வட ஆப்பிரிக்காவிலுள்ள அல்ஜீரியாவிற்கு இராணுவ மருத்துவராக அனுப்பப்பட்டார். அக்காலத்தில் அந்நாடு பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. குற்றஞ் செய்து சிறை கண்ட போர்வீரர் பலர் அங்குத் தனிப்பட்டாளங்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். அவர்களைப் பரிசோதிக்கும் பொறுப்பு லக்கசாஞ்சுக்கு வாய்த்தது. பிறர் அருவருத்து ஒதுக்கிய அம்மனிதரின் மார்பிலும் தோளிலும் பச்சை குத்தப்பட்டிருந்த சித்திரங்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன. மெல்லிய ஊடுதெரியும் துணியைத் தோலின்மீது பரப்பி, அச்சித்திரங்களை அவ்வாறே வரைந்தெடுத்து, அவற்றையுடையானின் வயது, தொழில், குத்திய காலம், குத்திய இடம் முதலியவற்றையும் உடன் எழுதி வைத்தார். காதலியின் பெயர், கப்பலின் வடிவம், பழிவாங்கும் சபதம், தெய்வத்தின் உருவம் எனப் பலதிறப்பட்ட அக்குறிகள் ஒரு மனிதனின் வரலாற்றை அவன் தோலிலேயே எழுதி வைத்த ஏடுகள் என்று அவர் கண்டார். முகம் சிதைந்தபின்னும் தோலிற் குறி எஞ்சியிருக்குமாயின், அஃது ஆளை அடையாளங் காட்டும் என்பதும் அவருக்குப் புலனாயிற்று. 1881-ம் ஆண்டில் இவ்வாராய்ச்சியை அவர் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1878-ம் ஆண்டில், நீதிமன்றங்களுக்கு உதவும் மருத்துவ முறைகளைத் தொகுத்து ஒரு கைந்நூலும் இயற்றியிருந்தார்.

லியோன் நகரத்து ஆசிரியர்

லியோன் நகரில் 1877-ம் ஆண்டு புதிய மருத்துவக் கலாசாலை ஒன்று நிறுவப்பெற்றது. 1880-ம் ஆண்டில் அதன் சட்டமருத்துவப் பேராசிரியர் பதவி லக்கசாஞ்சுக்கு அளிக்கப்பட்டது. அன்று தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அப்பீடத்தை அணிசெய்தார்.

அக்காலத்தில் அந்நகரத்துச் சவக்கிடங்கு எத்தகையது என்பதைக் கூறின் இக்காலத்தார் வியப்பர். ரோன் நதியின் கரையிற் கட்டப்பட்டிருந்த ஒரு படகே சவக்கிடங்காக விளங்கியது. கோடையில் தாங்கொணாத நாற்றமும், மாரியில் நடுக்குங் குளிரும், எக்காலத்தும் ஈரமும் அதனுள் நிறைந்திருந்தன. உடலங்களைக் குளிரவைத்துக் காக்கும் வசதி இல்லை. மருத்துவர் கையுறை அணியும் வழக்கமும் இல்லை. 1910-ம் ஆண்டின் வெள்ளத்தில் அழியும் வரை அப்படகு அவ்வாறே பயன்பட்டது. இத்தகைய நிலையில், ஆராய்ச்சிக் கூடமும் பொருட்காட்சிச் சாலையும் அமைத்து, எலும்புகளையும், ஆயுதங்களையும், காயங்களின் படங்களையும் வரிசைப்படுத்தி வைத்து மாணாக்கர்க்குக் கற்பித்தார் லக்கசாஞ்.

அவர் வற்புறுத்திய பாடங்களுள் ஒன்றை நாம் சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். நோயாளிக்கு முதல் நாள் கொடுத்த மருந்து பயன்படாவிடின் மறுநாள் வேறு மருந்து கொடுக்கலாம். பிரேத பரிசோதனையோ அவ்வாறன்று. கத்தி பட்ட இடம் பின்னர்ப் பழைய நிலையை அடையாது. முதற்பரிசோதனையில் கவனியாது விட்டது பெரும்பாலும் என்றைக்குமே இழந்ததாகும். ஆதலின், எதை முதலில் நோக்குவது, எதை அடுத்து அறுப்பது, எதை அளந்து எழுதுவது என்னும் ஒழுங்கு மருத்துவனிடம் இருத்தல் வேண்டும். கிராமத்து மருத்துவர்களுக்கும் பயன்படுமாறு, இவ்வொழுங்கை விளக்கும் சிறு கைந்நூலொன்றை அவர் 1892-ம் ஆண்டு வெளியிட்டார். சட்டைப் பையில் அடங்கத்தக்க அந்நூல் நாட்டின் மூலைமுடுக்குகளிற் பணிபுரிந்த மருத்துவர்க்கு உற்ற துணையாயிற்று. இப்பாடத்தின் உண்மையை உலகம் அறியுமாறு செய்த வழக்கொன்று அதற்கு மூன்று ஆண்டுகட்கு முன்னரே நிகழ்ந்தது.

மில்லெரிப் பிரேதம்

1889-ம் ஆண்டு ஜூலை மாதத்தின் இறுதியில், பாரிஸ் நகரத்து நீதிமன்ற அமீனாவாகிய கூஃபே என்பவர் காணாமற் போனார். அவருக்கு வயது நாற்பத்தொன்பது, மனைவியை இழந்தவர், பெண்மக்களுடையவர், பொருள் மிக்கவர். மைத்துனர் போலீஸாரிடம் முறையிட்டார். பாரிஸ் துப்பறியும் இலாகாவின் தலைவர் கோரோன் என்பவர் பலவாறு தேடியும் துப்பொன்றும் கிடைத்திலது.

ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி, லியோன் நகருக்குத் தெற்கே மில்லெரி என்னும் கிராமத்தருகே, சாலை செப்பனிடும் தொழிலாளி ஒருவன் தாங்கொணாத நாற்றத்தைப் பின்பற்றிச் சென்று, புதரினிடையே மெழுகுசீலையிற் கட்டப்பட்டுக் கிடந்த ஓர் ஆண் பிரேதத்தைக் கண்டான். கோடை வெயிலில் அது மிகவும் அழுகி, முகம் முற்றும் உருமாறிக் கிடந்தது. பிரேதம் நாம் மேற்கூறிய படகிற் சேர்க்கப்பட்டது. பெர்னார் என்னும் மருத்துவர் அதனைப் பரிசோதித்தார். அவரும் லக்கசாஞ்சிடம் பயின்றவரே. கழுத்து நெரிக்கப்பட்டமையே மரணத்திற்குக் காரணம் என்று அவர் துணிந்தார். அதுவரை அவர் முடிபு சரியே. ஆயின் வயது, உயரம், தலைமயிர் ஆகியவற்றைக் குறித்து அவர் எழுதிய குறிப்புக்கள் கூஃபேயின் அங்க அடையாளங்களுக்கு ஒத்துவரவில்லை. சில நாட்களுக்குள், சேன் ஜெனி லாவால் என்னும் அடுத்த ஊருக்கருகில், பிணநாற்றம் வீசும் உடைந்த மரப்பெட்டியொன்றும் அகப்பட்டது.

பாரிஸிலிருந்து கூஃபேயின் மைத்துனர் வரவழைக்கப்பட்டார். படகினுள் நுழைந்த அவர், துணியால் மூக்கை மூடியவண்ணம் ஒரு கணம் நோக்கி, இஃது அவரன்று என்று கூறி வெளியேறினார். கூஃபேயின் மயிர் செம்பழுப்பு. பிரேதத்தின் மயிரோ கருப்பு. இதற்கு மேல் வேறு சான்று வேண்டுவதில்லை என்று எல்லோரும் கருதினர். பெயரற்ற அவ்வுடல் ஏழைகளைப் புதைக்கும் இடத்தில் புதைக்கப்பட்டது.

கோரோன் மட்டும் ஐயம் நீங்கினாரல்லர். பெட்டியின்மீது ஒட்டப்பட்டிருந்த ரயில்வே சீட்டில் பாரிஸிலிருந்து லியோனுக்கு ஜூலை 27-ந் தேதி அனுப்பப்பட்டதாகக் கண்டிருந்தது. ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் தெளிவாக இல்லை. 1888 என்றனர் சிலர். ரயில்வே கணக்குப் புத்தகத்தைப் பார்க்க, 1889-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி 105 கிலோகிராம் எடையுள்ள பெட்டியொன்று அவ்வாறு அனுப்பப்பட்டமை வெளியாயிற்று. அஃது அமீனா மறைந்ததற்கு அடுத்த நாள். நவம்பர் மாதத்தில் கோரோன் லியோனுக்கு வந்தார். பெர்னார் தாம் எடுத்து வைத்திருந்த மயிர்க்கற்றையைக் கொணர்ந்து காட்ட, அதனை வடித்த நீரிற் பலமுறை கழுவினர். உறைந்த இரத்தமும் அழுக்கும் நீங்கவே, கருமை மறைந்து செம்பழுப்பு நிறம் தோன்றியது. உடனே கல்லறையைத் தோண்டுமாறு கட்டளை பிறந்தது. நவம்பர் மாதத்தின் நடுவில் அவ்வுடல் மருத்துவக் கலாசாலைக்குக் கொணரப்பட்டு, லக்கசாஞ்சின் முன் வைக்கப்பட்டது.

எலும்புகளின் சாட்சியம்

நான்கு மாதங்கள் கழிந்த உடல். ஒருமுறை அறுக்கப்பட்ட உடல். அதுவும் ஒழுங்கின்றி அறுக்கப்பட்டது. மண்டையோட்டை வாளால் அறுக்காது சுத்தியால் உடைத்திருந்தனர்; மார்பெலும்பும் சிதைந்திருந்தது. மண்டையிற் காயமிருந்ததா என்று அறிய வழி இல்லாது போயிற்று. தம் மாணாக்கனின் பிழை தம் கண்முன்னே கிடப்பதை ஆசிரியர் கண்டார். அப்பிழையைத் திருத்துதற்கு ஒரே வழி, அது செய்யாது விட்டதைப் பொறுமையோடு செய்தலே. ஒரு வாரத்திற்கு மேலாக அவர் உழைத்தார். தசையை எலும்பினின்று சிறிது சிறிதாக நீக்கி, ஒவ்வோர் எலும்பையும் தூய்மையாக்கி, அளந்து, நிறுத்து, இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டு நோக்கினார்.

முதலாவது உயரம். லியோனிலேயே ரோலே என்னும் இளைஞர், 1888-ம் ஆண்டில், 50 ஆண்கள் 50 பெண்கள் ஆகிய 100 பிரேதங்களின் நீண்ட எலும்புகளை அளந்து, எலும்பின் நீளத்தைக் கொண்டு ஆளின் உயரத்தைக் கணிக்கும் பட்டியலொன்றை வகுத்திருந்தார். அப்பட்டியலைக் கைக்கொண்டு லக்கசாஞ் கண்ட உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் 78 சென்டிமீட்டர். உறவினர் கூறிய உயரம் இதனினும் சிறிது குறைவு; படையில் கூஃபேயைப் பதிவு செய்த ஏட்டைப் பார்த்தபோதோ, எலும்பின் கணக்கே மெய்யாயிற்று.

இரண்டாவது வயது. பற்களின் தேய்வையும் அவற்றிற் படிந்திருந்த காரையையும் நோக்கி, ஐம்பதை ஒட்டிய வயது எனத் துணிந்தார். மேல்வரிசையின் வலப்பக்கத்தில் கடைவாய்ப்பல் ஒன்று முன்னரே விழுந்திருந்தது. கூஃபேக்கும் அப்பல் இல்லை.

மூன்றாவதே மிகவும் வியக்கத்தக்கது. வலக் குதிகாலெலும்பிலும் கணுக்காலெலும்பிலும் பழைய நோயொன்றின் வடு காணப்பட்டது. வலக்கால் எலும்புகள் இடக்கால் எலும்புகளைவிட எடை குறைந்திருந்தன. வல முழங்காற் சில்லும் இடச்சில்லைப் போல் இல்லை. இளமையில் கணுக்காலைப் பற்றிய நோயினால் அக்கால் வலிமை குன்றி, அவர் சற்றே சாய்ந்து நடந்திருத்தல் வேண்டும் என்று லக்கசாஞ் உரைத்தார். காற்பெருவிரலின் மூட்டிற் கீல்வாதத்தின் அடையாளமும் இருந்தது. கூஃபேக்கு மருத்துவஞ் செய்தவரையும் அவரோடு பழகியவரையும் விசாரித்தபோது, அவருடைய காலின் குறையும், முழங்கால் வீக்கமும், கீல்வாதமும் எல்லாம் உண்மையென்று தெரிந்தன. உயிரோடிருந்தபோது பலரும் கவனியாத நடையை, மாண்டபின் அவர் எலும்பு சொல்லிற்று.

நான்காவது மயிர். கூஃபேயின் இல்லத்திலிருந்து கொணர்ந்த சீப்புத்தூரிகையில் ஒட்டியிருந்த மயிரையும் பிரேதத்தின் மயிரையும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து ஒப்பிட்டனர். சாயம் ஏற்றப்பட்டதோ என்பதும் ரசாயன முறையிற் சோதிக்கப்பட்டது. இரண்டும் ஒத்தன, சாயம் இல்லை. மயிரின் ஒப்புமை மட்டும் ஆளை உறுதிப்படுத்தப் போதாது என்பதை இன்றைய விஞ்ஞானம் நன்கு அறிந்திருக்கிறது. ஆயின், லக்கசாஞ் அதனை மட்டும் நம்பினாரல்லர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். எந்த ஒரு குறியும் தனித்து நின்று பிழைபடக் கூடும். உயரம் ஒத்த பலர் இருப்பர். பல்லிழந்தவர் பலர் இருப்பர். கீல்வாதக்காரரும் பலர் இருப்பர். உயரம், வயது, பல், குதிகால், முழங்கால், பெருவிரல், மயிர் ஆகிய இத்தனையும் ஒருங்கே பொருந்தும் மனிதர் இருவர் இருத்தல் அரிது. நிறம் ஒன்றைக் கண்டு மைத்துனர் மறுத்தார்; பல குறிகளை ஒருங்கு சேர்த்து ஆசிரியர் ஒப்புக்கொண்டார். முறைக்கும் முதற்பார்வைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. மில்லெரியிற் கிடந்தவர் அமீனா கூஃபேயே என்று அவர் ஐயமின்றி அறிவித்தார். குரல்வளைக் குருத்தெலும்பின் சிதைவு, கழுத்து நெரிக்கப்பட்டமைக்குச் சான்றாய் நின்றது.

வழக்கின் முடிவு

பிரேதத்திற்குப் பெயர் கிடைத்தபின் கொலைஞரைத் தேடும் வழியும் திறந்தது. பெட்டியைப்போல் ஒன்று செய்வித்துப் பாரிஸ் சவக்கிடங்கில் வைத்தனர். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். அப்பெட்டி லண்டன் நகரில் ஒரு பிரெஞ்சுக்காரனுக்கு விற்கப்பட்டது என்பது தெரியவந்தது. மிஷேல் எய்ரோ என்னும் வஞ்சகனும் கபிரியேல் போம்பார் என்னும் இளம்பெண்ணும் கூடி, கூஃபேயைத் தம் அறைக்கு வரவழைத்துக் கொன்று, அவர் திறவுகோல்களைக் கவர்ந்து, அலுவலகத்திற் புகுந்து பணத்தைத் தேடினர். பணம் அவர்கள் கண்ணிற் படவில்லை. பின்னர்ப் பிரேதத்தைப் பெட்டியிலிட்டு ரயிலிற் கொண்டுபோய் மில்லெரியருகே எறிந்துவிட்டு அமெரிக்காவிற்கு ஓடினர். போம்பார் 1890-ம் ஆண்டு ஜனவரியில் தானே வந்து சரணடைந்தாள். எய்ரோ அவ்வாண்டு மே மாதம் கியூபாவிலுள்ள ஹவானா நகரிற் பிடிபட்டான். டிசம்பரில் நடந்த விசாரணையில், பிறன் மனோவசியத்திற்கு உட்பட்டே அவள் குற்றம் இழைத்தாள் என்று அவள் தரப்பில் வாதித்தனர்; அவ்வாதம் ஏற்கப்படவில்லை. எய்ரோ 1891-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி சிரச்சேதம் செய்யப்பட்டான். போம்பாருக்கு இருபதாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

இவ்வழக்கின்பின் லக்கசாஞ்சின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. 1894-ம் ஆண்டு ஜூன் மாதம், பிரெஞ்சுக் குடியரசின் தலைவராகிய சாதி கார்னோ லியோன் நகரிற் குத்துண்டு இறந்தபோது, அவ்வுடலைப் பரிசோதித்தவருள்ளும் இவர் இருந்தார். ஆயினும், நாட்டின் தலைவர் உடலுக்கும், புதரில் எறியப்பட்ட உடலுக்கும் அவர் கைக்கொண்ட முறை ஒன்றே.

குற்றமும் சமுதாயமும்

லக்கசாஞ் பிரேதங்களை மட்டும் ஆராய்ந்தவர் அல்லர். குற்றத்தின் வேர் யாது என்பதையும் ஆராய்ந்தார். இத்தாலிய அறிஞராகிய லொம்ப்ரோஸோ என்பவர், குற்றவாளி பிறப்பிலேயே குற்றவாளி என்றும், மண்டையின் அமைப்பும் முகத்தின் குறியுமே அவனைக் காட்டிக்கொடுக்கும் என்றும் போதித்து வந்தார். 1885-ம் ஆண்டு ரோமாபுரியிற் கூடிய அறிஞர் மகாசபையில் லக்கசாஞ் இக்கொள்கையை எதிர்த்து நின்றார். நோய்க்கிருமி தனக்கேற்ற ஊட்டம் உள்ள இடத்திலேயே பெருகுவதுபோல, வறுமையும் குடியும் கவனிப்பின்மையும் நிறைந்த சமுதாயத்திலேயே குற்றம் தழைக்கின்றது என்பதும், ஆதலின் குற்றத்தில் சமுதாயத்திற்கும் பங்குண்டு என்பதும் அவர் கருத்து. 1886-ம் ஆண்டு அவர் தொடங்கிய ஆராய்ச்சிப் பத்திரிகை 1914-ம் ஆண்டு வரை இக்கொள்கைக்கு உறைவிடமாய் விளங்கியது. லியோன் நகரத்துச் சிறையிலிருந்தோரைக் கண்டு அளவளாவி, நோட்டுப் புத்தகங்களைக் கொடுத்து, தத்தம் வாழ்க்கை வரலாற்றை அவர்களையே எழுதச் செய்தார். மண்டையை அளந்து மனிதனை அறியலாம் என்று பலர் நம்பிய காலத்தில், குற்றவாளியின் சொல்லையும் கேட்டறிய வேண்டும் என்று அவர் கருதியது பெருமைக்குரியதே.

அவர் செய்தவை யாவும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை என்று நாம் கூறவில்லை. நாடெங்கும் அலைந்து கிராமத்து இளைஞரையும் பெண்களையும் கொன்ற வாஷே என்பவன் 1897-ம் ஆண்டு பிடிபட்டபோது, அவன் சித்தசுவாதீனமுடையவனா என்று துணியும் பொறுப்பு லக்கசாஞ் முதலிய மருத்துவர் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவன் தன் செயலுக்குப் பொறுப்பாளியே என்று அவர்கள் தீர்ப்புரைத்தனர். 1898-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி அவன் கொல்லப்பட்டான். முன்னர்ப் பைத்தியசாலையில் இருந்த ஒருவனைக் குறித்து அத்தீர்ப்பு சரியோ என்று அன்றே மருத்துவர் பலர் வாதாடினர். அவ்வாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை. குற்றத்திற்குச் சமுதாயத்தையும் பொறுப்பாக்கிய அவரே, 1908-ம் ஆண்டு வெளியிட்ட நூலில் மரண தண்டனை வேண்டும் என்றும் வாதித்தார். இவ்விரண்டையும் அவர் எங்ஙனம் பொருத்திக்கொண்டார் என்பது சிந்திக்கத்தக்கது. எலும்பைக் குறித்துத் தெளிவாக உரைக்கும் கலை, உள்ளத்தைக் குறித்து அவ்வளவு தெளிவாக உரைக்க இயலாது என்பதையே இது நமக்கு உணர்த்துகின்றது.

இறுதிக் காலமும் வழித்தோன்றல்களும்

லக்கசாஞ் நூல்களைத் தேடித் தொகுப்பதில் அளவிறந்த விருப்பமுடையவர். ஏறக்குறைய 12,000 நூல்களும் ஏடுகளும் அடங்கிய தம் செல்வத்தை 1921-ம் ஆண்டில் லியோன் நகரத்து நூல்நிலையத்திற்கு நன்கொடையாக ஈந்தார். 1924-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ந் தேதி, தமது எண்பத்தோராம் வயதில், அந்நகரிலேயே காலமானார்.

அவர் விட்டுச் சென்றவற்றுள் நூல்களினும் மேலானவர் அவருடைய மாணாக்கர். அவருள் ஒருவராகிய எத்மோன் லோகார், 1910-ம் ஆண்டு, லியோன் நீதிமன்றத்தின் மேன்மாடத்தில் இரண்டு சிறிய அறைகளிற் போலீஸ் ஆராய்ச்சிக் கூடமொன்றை அமைத்தார். தூசியும், கைரேகையும், கறையும் ஆங்குச் சாட்சிகளாயின. உலகெங்கும் தோன்றிய அத்தகைய கூடங்களுக்கு அது முன்மாதிரிகளுள் ஒன்றாயிற்று.

இக்காலத்தில் இக்கலை பெரிதும் வளர்ந்துள்ளது. உயரத்தைக் கணிக்கும் பட்டியல்கள் வெவ்வேறு மக்களினத்தார்க்கு ஏற்பத் திருத்தி அமைக்கப்பட்டுள்ளன. ரோலேயின் நூறு பிரேதங்கள் ஒரு தொடக்கமே. எலும்பின் துணுக்கிலிருந்தும், பல்லின் உட்புறத்திலிருந்தும் மரபணுவைப் பிரித்தெடுத்து, தாய் தந்தையர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோரின் மரபணுவோடு ஒப்பிடுகின்றனர். தீவிபத்திலும், விமான விபத்திலும், வெள்ளத்திலும் பலர் ஒருங்கே மாளும்போது, கைரேகை, பல், மரபணு ஆகிய மூன்றுமே முதன்மையான சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. உறவினர் கண்ணாற் கண்டு கூறும் அடையாளத்தை மட்டும் நம்பி உடலை ஒப்படைத்தல் தகாது என்பதும் விதியாகக் கூறப்படுகின்றது. துயரத்தாலும் அச்சத்தாலும் கலங்கிய கண் பிழைபடும் என்பதை, மூக்கை மூடி ஒரு கணம் நோக்கிய மைத்துனரின் கதை என்றோ காட்டிவிட்டது. கருவிகள் மாறினும் முறை மாறவில்லை: இறந்தவர் உடல் காட்டுவதையும், உயிரோடிருந்தபோது அவரைப்பற்றி எழுதி வைக்கப்பட்டதையும் பக்கத்திற் பக்கமாக வைத்து நோக்குவதே அம்முறை. எழுதி வைத்த ஏடு இல்லையேல் ஒப்பிடுதற்கு ஒன்றும் இல்லை. படையில் ஒருவன் உயரத்தைப் பதிந்த எழுத்தனும், நோயாளியின் காலைப் பார்த்து நினைவில் வைத்த மருத்துவனும், பெட்டியின் எடையைக் கணக்கில் எழுதிய ரயில்வே குமாஸ்தாவும் தாம் அறியாமலே கூஃபேக்குப் பெயர் கொடுத்தவர்களே.

நம் கல்லூரியிலிருந்து வெளிச்செல்லும் மாணாக்கருள் மருத்துவராவோர் சிலர், வழக்கறிஞராவோர் சிலர், அலுவலகங்களிற் கணக்கெழுதுவோர் பலர். எத்தொழிலை மேற்கொள்ளினும், யாரும் பாராத இடத்தில், யாரும் புகழாத வேலையை, மீண்டும் செய்ய இயலாதென்னும் நினைவோடு முதன்முறையே செம்மையாகச் செய்தல் அவர் கடமையாகும். அங்ஙனம் செய்யாது விட்டதன் பயனாக ஓர் உடல் மூன்று மாதம் பெயரின்றி மண்ணிற் கிடந்தது. அங்ஙனம் செய்ததன் பயனாகத் தந்தைக்கு நேர்ந்தது யாதென்று அறியாது வாடிய பெண்மக்களுக்கு ஒரு விடை கிடைத்தது. பேராசிரியர் லக்கசாஞ் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே என்று நாம் கருதுகின்றோம்.